தன் கையால்

பார்த்தோஷித்ஸே என்னும் போலந்து நாட்டு ஊரின் ராணுவ முகாமில், ஜெபமாலையை விட மறுத்த குற்றத்துக்காக ஒரு வாலிபன் வெறுங்காலோடு குளிரில் நிறுத்தப்பட்டான் என்ற செய்தியைப் படித்து நெடுங்காலமாகிவிட்டது. ஆயினும், அவன் எப்படி நின்றான் என்பதைக் காட்டிலும், அவனை நிறுத்தியவர்களுக்கு அவனிடமிருந்து வேண்டியிருந்தது யாது என்ற கேள்வியே என் சித்தத்தை விட்டு அகலாமல் இருந்து வருகிறது. ஜெபமாலைதான் வேண்டுமென்றால் அதைப் பறித்துக்கொள்ள ஒரு கணம் போதும். இருபது வயது நிறையாத, இயல்பிலேயே மெலிந்த தேகமுடைய ஒருவனிடமிருந்து, ஒரு சேனையின் அதிகாரி, மணிகள் கோத்த ஒரு சரட்டைப் பிடுங்கி எறிவதற்கு என்ன தடை இருந்திருக்க முடியும்? அதை நீயே எடுத்துவிடு என்று உத்தரவிட்டார்களே, அந்த உத்தரவின் வடிவத்தில்தான் இந்த விஷயத்தின் மர்மம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பறிகொடுத்தவன் பொருளை மட்டுமே இழக்கிறான். அவனுடைய அந்தரங்கத்தில் ஒன்றும் அசைவதில்லை, இன்னும் சொல்லப்போனால் பறித்தவன் மீது எழும் கோபம் அவனை முன்னிலும் ஸ்திரப்படுத்தவும் கூடும். தானே கழற்றியவனோ, கழற்றிய அந்தக் கணத்திலிருந்து, தன்னைத் தானே விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிக்கொண்டவனாகிவிடுகிறான். அதற்குமேல் அவனைக் காவல் காக்க வேறொருவர் தேவையில்லை.

அந்த வாலிபனின் பெயர் யெஷி பொப்பியெவுஷ்கோ. போலந்தின் கிழக்கோரத்தில் ஒகோப்பி என்ற குக்கிராமத்தில், 1947 செப்டம்பர் 14-ஆம் தேதி, திருச்சிலுவையின் மகிமைத் திருநாளன்று, ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவன். விடியுமுன் எழுந்து காட்டுப் பாதையில் நடந்து சுகோவோலா கோயிலுக்குப் போய், பூசைக்கு உதவி செய்துவிட்டே பள்ளிக்கூடம் போன பிள்ளை. 1965-ல் வார்சா குருமடத்தில் சேர்ந்து, மறு வருஷமே கட்டாய ராணுவ சேவைக்கு இழுக்கப்பட்டவன். அந்த 1966, போலந்து தேசம் ஞானஸ்நானம் பெற்ற ஆயிரமாவது ஆண்டு. தேசமெங்கும் மக்கள் கோயில்களை நோக்கித் திரண்டுகொண்டிருந்ததால், கம்யூனிஸ்டு அரசாங்கத்தின் பார்வை குருமடங்களின் மீது முன்னெப்போதையும்விடக் கடுமையாக விழுந்திருந்தது. குருமாணவர்களை மட்டும் பிரித்துத் திரட்டிய தனிப் படைப்பகுதிகள் அங்கே இருந்தன. துப்பாக்கி பிடிக்கக் கற்பிப்பது அவற்றின் இரண்டாம் நோக்கம். இரண்டு வருஷ காலத்துக்குள் எத்தனை பேரைக் குருமடத்துக்குத் திரும்ப மனமில்லாதவர்களாக ஆக்கலாம் என்பதே முதல் நோக்கம். அதற்காக அரசியல் பாடங்கள், பாரம் சுமந்த ஓட்டங்கள், உறக்கத்தைக் கலைக்கும் சோதனைகள், விடுப்பு மறுப்புகள். இவற்றின் நடுவே அந்தப் பையன் ஜெபமாலையையும் சுரூபத்தையும் விடமாட்டேன் என்றான். கொட்டடியில் மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு உரக்க ஜெபித்தான். அதற்குரிய தண்டனையை வாங்கிக்கொண்டு, நடந்ததைத் தன் ஞானகுருவுக்குக் கடிதமாக எழுதினான். கடிதங்கள் மிஞ்சின, உடம்பு மிஞ்சவில்லை. ராணுவத்திலிருந்து திரும்பிய சில வருஷங்களுக்குள் தைராய்டு சுரப்பியில் அறுவை, ஆஸ்பத்திரி வாசம், ஆயுள் முழுவதும் தொடர்ந்த சோகை. 1972-ல் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்த கர்தினால் விஷின்ஸ்கி, தாமே 1953-லிருந்து 1956 வரை அதே அரசாங்கத்தால் சிறை வைக்கப்பட்டிருந்தவர்.

ஓசூரில் இருந்துகொண்டு இதை நினைக்கும்போது, இந்த நினைவோடு வேறோர் உறுத்தலும் சேர்ந்துகொள்கிறது. இங்கே கழற்றுவது என்பது அன்றாடக் காரியம். சிப்காட்டில் இயந்திரம் ஓடுகிற எந்த ஆலையை எடுத்துக்கொண்டாலும், ஷிப்டு தொடங்குமுன், உடை மாற்றும் அறையின் இரும்புப் பெட்டிகளுக்கு எதிரே நின்று, தர்காவில் ஓதிக் கட்டிய தாயத்தையும், மலைமேல் சந்திரசூடேசுவரர் சந்நிதியில் வைத்து வாங்கிய கழுத்துக் கயிற்றையும், வேளாங்கண்ணி மாதா சுரூபம் கோத்த சங்கிலியையும், பத்து மணி பதித்த ஜெபமாலை மோதிரத்தையும், கல்யாண மோதிரத்தையும் அவரவர் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். எண்ணெயும் கூலண்டும் கலந்த வாடையில், தமிழும் தெலுங்கும் கன்னடமும், இப்பொழுது ஹிந்தியும் ஒடியாவும் சேர்ந்து ஒலிக்கும் அந்தச் சந்தடியில், ஒரு மதமும் தனித்துத் தெரியாதபடி எல்லா விரல்களும் எல்லாக் கழுத்துகளும் ஒரேவிதமாக வெறுமையாகின்றன. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமங்களிலிருந்து ஆலை வேலையை நம்பி இங்கே குடியேறிய வீடுகளுள் எங்கள் வீடும் ஒன்றானதால், இந்தக் கழற்றுதலை நான் சிறு வயதிலிருந்தே கேள்விப்பட்டு, பிற்பாடு நானும் செய்து பழகியவன். ஒரு நாளும் அதில் ஒரு குறை எனக்குத் தோன்றியதில்லை. பார்த்தோஷித்ஸேயைப் பற்றிப் படித்த பிறகும் அதில் குறை இருப்பதாக நான் எண்ணவில்லை. ஆனால் விரல் மோதிரத்தைத் திருகி எடுக்கிற கணத்தில், முன்பு இல்லாத ஒரு தயக்கம் அந்த விரலுக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது.

இரண்டும் ஒன்றல்ல என்று புத்தி உடனே சொல்லிவிடுகிறது. லேத்தின் சுழற்சியில் ஒரு மோதிரம் சிக்கினால் விரலும் அதோடு போகும். தொங்கும் சங்கிலி பெல்ட்டில் அகப்பட்டால் கழுத்தையே இழுக்கும். அப்படி விரலிழந்தவர்களை இந்த ஊர் மருத்துவமனைகள் நன்றாகவே அறியும். ஆலை கழற்றச் சொல்வது அந்தக் கையைக் காப்பாற்றுவதற்காக. வேலை முடிந்ததும் பெட்டியைத் திறந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், எவரும் ஏனென்று கேட்பதில்லை. முகாமில் கழற்றச் சொன்னதோ அந்தக் கைக்குரியவனின் சங்கற்பத்தை முறிப்பதற்காக. அங்கே மாலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டிய பின்னும் சஞ்சலம் தீர்ந்துவிடவில்லை. நியாயமான காரணத்துக்காகத் தினந்தோறும் கழற்றிப் பழகிய கைக்கு, காரணத்தைக் கேட்கும் வழக்கமே அற்றுப்போய்விடுமோ என்ற பயம் ஒன்று பின்தங்கி நிற்கிறது. பழக்கம் நல்லதா கெட்டதா என்று பழகிய கைக்குத் தெரியாது. உத்தரவு மாறி, காரணம் மாறி, கழற்றச் சொல்லப்பட்ட பொருளும் மாறிவிட்ட ஒரு நாளில், பழைய சுபாவத்திலேயே அந்தக் கை கழுத்துக்குப் போய்விடாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஒரு பொருளைக் கழற்றாமலிருப்பதுதான் விசுவாசம் என்று சொல்லிவிடவும் நம்மால் முடியாது. நம் நாட்டுத் திருச்சபையின் சரித்திரமே அதற்கு எதிர்ச்சாட்சியாக நிற்கிறது. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி சுவாமி, தம் சபையின் கறுப்பு அங்கியைத் தாமாகவே களைந்து காவி உடுத்தினார். அதே நூற்றாண்டின் நடுவில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மைசூர் மிஷனைத் தொடங்கிய சின்னாமி சுவாமியும் அந்த வழியிலேயே சந்நியாசிக் கோலம் பூண்டார். அந்த மிஷனின் கிளைகளே பிற்பாடு நம் தருமபுரிச் சீமை வரையில் நீண்டு, இன்று கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மணியடிக்கும் பல கோயில்களுக்கு மூலமாயின. அங்கியைக் களைந்தவர்களிடமிருந்து விசுவாசம் பெற்ற பரம்பரை எங்களுடையது. அப்படியிருக்க, ஒரு சரட்டு ஜெபமாலைக்காக வெறுங்காலோடு நின்றவனை நான் எந்த முகத்தோடு புகழ்வது என்று ஒரு காலம் குழம்பியிருக்கிறேன். நெடுநாள் யோசித்ததில் எனக்குப் புலப்பட்டது இதுதான்: நோபிலி சுவாமியை எவரும் நிர்ப்பந்திக்கவில்லை, தமக்கெதிரே நின்ற மனிதர்கள் மீது கொண்ட பிரியத்தால் அவர் களைந்தார், களைந்ததால் அவர்களுக்கு நெருங்கினார். பார்த்தோஷித்ஸே வாலிபன் கழற்றியிருந்தால் எவருக்கு நெருங்கியிருப்பான்? தன்னோடு அதே கொட்டடியில் படுத்துறங்கிய சக மாணவர்களிடமிருந்து ஒவ்வோர் அடியாக விலகியிருப்பான். கழற்றச் சொன்ன அதிகாரிக்குக்கூட அவன் நெருக்கமாகியிருக்க முடியாது, ஏனெனில் பணிந்தவனை அதிகாரம் மதிப்பதில்லை. ஆகவே பொருளைப் பார்த்துப் பயனில்லை. யார் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள், கொடுத்த பின் நான் யாரோடு நிற்பேன் என்ற மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கே இன்னொரு பையனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இத்தாலியில், யுத்தம் முடிகிற தறுவாயில், ரோலாந்தோ ரிவி என்ற பதினான்கு வயதுக் குருமாணவன், குருமடம் மூடப்பட்டு வீடு திரும்பிய பின்னும் அங்கியைக் களையாமல் ஊருக்குள் நடமாடினான். ஆபத்துக் காலம், அதைக் கழற்றிவிடப்பா என்று பெற்றோரே கெஞ்சினார்கள். அவன் கேட்கவில்லை. 1945 ஏப்ரல் 13 அன்று கம்யூனிஸ்டுப் போராளிக் குழுவொன்றைச் சேர்ந்தவர்கள் அவனைக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பெற்றோரின் கெஞ்சலில் அதிகாரம் இல்லை, பாசம் மட்டுமே இருந்தது. அதற்கு இணங்கியிருந்தால் அவன் பிழைத்திருக்கவும் கூடும். இணங்கியிருக்கலாமே என்று, பிள்ளை பெற்றவனாகிய என் மனம் இன்றைக்கும் சொல்கிறது. திருச்சபை அவனுக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்துவிட்டது. என் மனம் மட்டும் அந்தத் தகப்பனின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது. அதைப்போலவே, பார்த்தோஷித்ஸேயில் கழற்றிவிட்டு, உள்ளுக்குள் அழுது, பிறகு நல்ல குருக்களாக வாழ்ந்து முடிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். சேவல் கூவுமுன் மூன்று தரம் மறுதலித்தவரின் கையில்தான் சாவிகள் ஒப்படைக்கப்பட்டன என்பதை அறிந்தவன் அவர்கள் மீது கல்லெறிய மாட்டான்.

ஆனால் கழற்றாதவனின் கதை முகாமோடு முடிந்துவிடவில்லை. அது ஓர் எஃகாலையின் வாசலில் போய் நின்றது. 1980 ஆகஸ்டு 31, ஞாயிற்றுக்கிழமை. பால்டிக் கடற்கரையில் குதான்ஸ்க் கப்பல்கட்டும் தளத்தில் வேலைநிறுத்தக்காரர்களும் அரசாங்கமும் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அதே நாளில், வார்சா எஃகாலையில் வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகாமல் ஆலைக்குள்ளேயே தங்கியிருந்த தொழிலாளர்கள், தங்களுக்குப் பூசை வைக்க ஒரு குருவானவர் வேண்டுமென்று கர்தினாலிடம் சொல்லியனுப்பினார்கள். உடல்நிலை காரணமாக இலேசான வேலை கொடுத்து வைக்கப்பட்டிருந்த பொப்பியெவுஷ்கோ சுவாமிக்கு அந்த அழைப்பு வந்தது. என்ன நடக்குமோ என்ற பயத்தோடு அவர் வாசலை நெருங்கியபோது, இருபுறமும் அணிவகுத்து நின்ற தொழிலாளர்கள் கைதட்டினார்கள்; தமக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலும் என்று தாம் நினைத்துவிட்டதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தக் கைதட்டல் தமக்கானது என்பது அவருக்குத் தாமதமாகவே விளங்கியது. முற்றத்தில் சிலுவை நட்டு, பீடம் அமைத்திருந்தார்கள். எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு வெறுந்தரையில் முழந்தாளிட்டு, அநேக வருஷங்களாகச் செய்யாத பாவசங்கீர்த்தனத்தை அன்று செய்தார்கள். தொழிலாளர் பெயரால் ஆட்சி நடத்திய ஒரு கட்சியின் தலைநகரத்தில், தொழிலாளர்கள் தங்கள் ஆலைக்குள் கூப்பிட்டுக்கொண்ட மனிதர், அந்தக் கட்சியின் சேனை பதினான்கு வருஷங்களுக்கு முன் வெறுங்காலோடு நிறுத்தி முறிக்கப் பார்த்தவர். முகாமில் அவரை முறித்திருந்தால் அந்த வாசலுக்கு வர ஒருவர் இருந்திருக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. வேறொரு குருவானவர் வந்திருக்கலாம். வந்தவருக்கு அந்தத் தொழிலாளர்களின் பயம் இவ்வளவு அணுக்கமாகப் புரிந்திருக்குமா என்பதே என் ஐயம். பயந்துகொண்டே நின்று பழகியவர் அவர். தாம் பயந்ததை மறைக்கவுமில்லை.

நம் ஆலை வாசல்களை இந்தக் காட்சியோடு சேர்த்துப் பார்க்கிறேன். இங்கே தெய்வத்துக்கு ஆலைக்குள் எந்தத் தடையும் இல்லை. ஆயுதபூஜையன்று இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலையும் இனிப்புப் பொட்டலமும் நிர்வாகமே கொடுக்கும். நாங்களும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம். உள்ளே வரமுடியாமல் வாசலில் நிற்பது சங்கம்தான். அதனால்தான் அதன் கூட்டத்துக்குக் கேட் மீட்டிங் என்று பெயர். வார்சாவில் தெய்வமும் சுதந்திரமான சங்கமும் ஒரே வாசலுக்கு வெளியே ஒன்றாக நிறுத்தப்பட்டிருந்தன, ஆகவே உள்ளே போகும்போதும் ஒன்றாகப் போயின. இங்கே ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் இருப்பதால், ஒன்றையொன்று அறியாமலே காலம் கழிகிறது. என் பெரியப்பா இரண்டையும் அறிந்த மனிதர். காலையில் பூசை கண்டுவிட்டு மாலையில் செங்கொடிச் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார், அதில் ஒரு முரண்பாட்டையும் அவர் கண்டதில்லை. பொப்பியெவுஷ்கோ சுவாமியின் கதையை அவருக்குச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "ஏண்டா தம்பி, தொழிலாளி ராஜ்ஜியம்னு சொன்னாங்களே, அங்கே எதுக்குடா ஸ்டிரைக்கு?" என்பதுதான். நான் சாப்பாட்டு விலையேற்றத்தையும், வேலையை விட்டு நீக்கப்பட்டவர்களையும், தாங்களே தேர்ந்தெடுக்கும் சங்கத்துக்கு அங்கே இருந்த தடையையும் விளக்கினேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்போ அது நம்ம ராஜ்ஜியம் இல்லடா" என்றார். கொள்கைப் புத்தகம் படித்தவர்கள் எனக்குச் சொன்ன எந்த விடையும் இவ்வளவு நேராக இருந்ததில்லை.

அவருடைய வார்த்தையை நான் முக்கியமாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. செங்கொடியின் கீழ் நடந்த கொடுமையைச் சொல்லும்போது, செங்கொடி பிடித்ததற்காகக் கொடுமை அனுபவித்தவர்களை மறந்துவிடுவது சத்தியத்துக்குச் செய்யும் துரோகம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில் இருந்த காலம். குடியரசு பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் அடைபட்டிருந்த கம்யூனிஸ்டுகள் மீது நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 22 பேர் மாண்டார்கள். அதற்கு நான்கு வருஷம் முன், 1946 ஜனவரி 8-ல், கோயமுத்தூர் சிறையில் சின்னியம்பாளையம் மில் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். அதே 1946-ன் மார்ச் 4-ஆம் தேதி, அல்பேனியாவில் ஷ்கோடர் நகரத்தில், அரசாங்கத்தை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் வெளியிட்ட மார்க் சுனி என்ற குருமாணவனை, இரண்டு சேசு சபைக் குருக்களோடும் மற்றவர்களோடும் நிறுத்திப் புதிய கம்யூனிஸ்டு அரசாங்கம் சுட்டுக் கொன்றது. பிற்பாடு 1967-ல் தன்னை நாஸ்திக நாடென்றே பிரகடனம் செய்துகொண்ட அந்த அல்பேனியாவில்தான் நம் கல்கத்தா அன்னை தெரேசாவின் தாயாரும் சகோதரியும் அகப்பட்டுக்கொண்டார்கள். மகளைப் பார்க்காமலே தாயார் 1972-ல் காலமானார். ஒரே வருஷத்தில் கோயமுத்தூரிலும் ஷ்கோடரிலும் நடந்தவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, எந்தக் கொடி எங்கே பறந்தது என்ற கணக்கு எனக்கு உதவவில்லை. ஒரு பக்கத்துத் தியாகிகளை மட்டும் எண்ணுகிறவர்கள் இரண்டு தரப்பிலும் இருக்கிறார்கள்; அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சேலம் சிறையில் இறந்தவர்களுக்காக ஒரு கோயிலில் ஜெபிப்பதும், பொப்பியெவுஷ்கோ சுவாமியின் படத்தை ஒரு சங்க அலுவலகத்தில் மாட்டுவதும் நடக்கக்கூடாத காரியங்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கையெழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் தன் கையாலேயே தன்னை இழக்கச் செய்யும் உபாயம் ஜெபமாலையோடு நிற்பதில்லை. ஹங்கேரியின் கர்தினால் மிந்த்ஸெந்தியை 1948 டிசம்பரில் கைது செய்தவர்கள், அவரை வதைத்து, குற்ற ஒப்புதலை அவர் கையாலேயே கையெழுத்திட வைத்தார்கள். தம் பெயருக்குப் பக்கத்தில் அவர் இரண்டு லத்தீன் எழுத்துகளைச் சேர்த்து எழுதினார், நிர்ப்பந்தத்தால் செய்தேன் என்பதன் சுருக்கம் அது. வதைத்துக் கொன்றுவிடும் சக்தி உள்ளவர்களுக்கு ஒரு கையெழுத்து எதற்காக வேண்டியிருந்தது? இந்தக் கேள்வியோடு நம் சாலைகளைப் பார்க்கிறேன். அத்திப்பள்ளிக்கும் சூளகிரிக்கும் இடையே, வாடகை அறைகளில் ஆறு பேர் எட்டு பேராகத் தங்கி, காண்டிராக்ட் தொழிலாளியென்றும் பயிற்சியாளரென்றும் பெயர் சூட்டப்பட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகளில் சிலர், எதுவும் எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதையும், சங்கத்தில் சேரமாட்டேன் என்று தாங்களாகவே எழுதிக் கொடுத்ததாகக் காட்டும் காகிதங்களில் கையெழுத்திட்டிருப்பதையும் அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். அவர்களை எவரும் வெறுங்காலோடு நிறுத்தவில்லை; சிறை இல்லை, துப்பாக்கி இல்லை; இந்த இடத்தை அந்த முகாமோடு சமப்படுத்துவது அங்கே துன்பப்பட்டவர்களுக்கு அவமரியாதை. ஆனாலும், பேனாவை அவன் கையிலேயே கொடுத்து, நீயாகத்தான் எழுதினாய் என்று நாளைக்குச் சொல்வதற்கு வழி செய்துகொள்ளும் அந்த உபாயத்தின் முகஜாடையை நான் அடையாளம் கண்டுகொள்கிறேன். ஊருக்குப் பணம் அனுப்பவேண்டிய பையன், ஒரு கணம் தயங்கிவிட்டு, போட்டுவிடுகிறான். இதைச் சொன்னவர்களில் ஒருவன் ஜார்க்கண்டிலிருந்து வந்த பழங்குடிக் கத்தோலிக்கன். கழுத்தில் சுரூபம் அணிந்திருந்தான். அது எவராலும் கழற்றப்படவில்லை.

பொப்பியெவுஷ்கோ சுவாமி 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்த பிறகு, சிறைப்பட்ட தொழிலாளர்களின் வழக்கு நடந்த நீதிமன்றங்களில் அவர்களுடைய குடும்பத்தாரோடு போய் உட்கார்ந்தார்; வீடுகளுக்கு மருந்தும் உணவும் கொண்டுபோய்ச் சேர்த்தார்; மாதத்தின் கடைசி ஞாயிறுதோறும் தாய்நாட்டுக்காக அவர் வைத்த பூசைக்கு ஆலைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பழிக்குப் பழி வேண்டாம், பொய் மட்டும் சொல்லாதிருங்கள், பயத்துக்காகப் பொய்யில் கையெழுத்திடாதிருங்கள் என்பதையே அவர் பல விதமாகத் திரும்பத் திரும்பப் போதித்தார். வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விடலாம் என்று அவருக்கு ஒரு வழி திறந்திருந்தது. தொழிலாளர்களை விட்டுப் போகமாட்டேன் என்று அதை மறுத்தார். 1984 அக்டோபர் 19 இரவு, பித்கோஷ்ச் நகரத்தில் ஜெபம் நடத்திவிட்டுத் திரும்பும் வழியில், உள்துறை அமைச்சகத்தின் ரகசியப் போலீஸ் அதிகாரிகள் மூவர் அவருடைய காரை மறித்தார்கள். அடித்து, கட்டி, காலில் கல்லைப் பிணைத்து விஸ்துலா நதியின் நீர்த்தேக்கத்தில் எறிந்தார்கள். அக்டோபர் 30-ல் உடல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 37. கொன்றவர்களையும் அவர்களுடைய மேலதிகாரி ஒருவரையும் அந்த அரசாங்கமே நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டிக்க வேண்டியதாயிற்று. 2010 ஜூன் 6-ல் வார்சாவில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டபோது, தொண்ணூறு வயதை எட்டிக்கொண்டிருந்த அவருடைய தாயார் கூட்டத்தில் இருந்தார்.

அக்டோபர் 19 அவருடைய திருநாள். ஜெபமாலை மாதமாகையால் அன்று மாலை நம் கோயில்களில் எப்படியும் ஜெபமாலை இருக்கும். ஓசூர், மத்திகிரி, கிருஷ்ணகிரி, எலத்தகிரிப் பங்குகளின் குருக்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: அந்த ஒரு நாளின் பூசையை, இரண்டாம் ஷிப்டு விட்டு வருகிறவர்களும் காணும்படி இரவில் வையுங்கள், ஹிந்தியும் ஒடியாவும் பேசுகிற பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே அவருடைய சரித்திரத்தைச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள், பூசை முடிந்ததும், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் வந்து பேசுவதற்குச் சட்டம் அறிந்த ஒருவரைக் கோயில் வளாகத்திலேயே உட்கார வையுங்கள். சங்கத் தோழர்களையும் அழையுங்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஷிப்டு மாறும் நேரத்தில் ஆலை வாசலில்தான் நிற்பார்கள்.